அழிந்த பதினோரு வரிகள்

புதன்கிழமை. காலை மணி 6.48.

போளூர் ரோட்டிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாம் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கன்னியம்மாள் இறந்து கிடந்தாள். வயது நாற்பத்தாறு. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இளநீர்க் கடை வைத்திருந்தவள். காலில் முள் குத்திச் சீழ் வைத்த புண்ணுக்காக முந்தின நாள் மாலைதான் சேர்ந்திருந்தாள். அந்த மாதிரிப் புண்ணால் ஒரே ராத்திரியில் யாரும் சாவதில்லை.

6.25க்கு அவளுக்கு ஓர் ஊசி போட்டார்கள். 6.30க்கு, "ஒடம்பெல்லாம் அரிக்குதுடி" என்று மகள் நந்தினியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு பேசவில்லை. முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்து, மூச்சுக்கு அலைந்து அடங்கிப்போனாள். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

8.15க்கு இன்ஸ்பெக்டர் ரேணுகாம்பாள் வந்தார். நாற்பத்தெட்டு வயது. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுக் காக்கிச் சட்டை போட்டவர். எங்கே எந்த எண்ணைக் கண்டாலும் குறித்துவைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது.

ஊசி போட்ட நர்ஸ் ரூபீனா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அந்தம்மாவுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். அட்மிஷன் போடும்போது நான்தான் டைப் பண்ணேன்."

"தெரிஞ்சே போட்டியா?"

"மருந்துப் பேர் வேற மேடம். அதே வகைதான், ஆனா பேர்ல பென்சிலின்னு இருக்காது. டாக்டர் எழுதினார். நான் கம்ப்யூட்டர்ல போட்டேன். ஆகாத மருந்தா இருந்தா செவப்பா ஒரு பொட்டி வந்து நிக்கும். டாக்டருக்குப் போன் பண்ணாம தாண்டவே முடியாது." அவள் திரையைக் காட்டினாள். "வரல மேடம். பச்சையா டிக் வந்துது. வார்டுல இருபத்தாறு பேரு. நான் ஒருத்தி. பொட்டி வரலன்னா சரின்னுதான் எடுத்துப்போம்."

ரேணுகாம்பாள் திரையைப் பார்த்தார். 'ஒவ்வாமை: பென்சிலின்' என்று தெளிவாகவே இருந்தது. அதன் கீழேயே மருந்தின் பெயர். பக்கத்தில் பச்சை டிக். திரையின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், புரோகிராமைச் செய்த கம்பெனியின் பெயரும் ஓர் எண்ணும் இருந்தன: 4719e06.

முழுத் திரையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். 9.40க்கு அந்தக் கணினிக்குச் சீல் வைத்தார்.

வியாழக்கிழமை. காலை 10.10.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு கஃபேயின் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. பெயர் கதிர்முனை சாஃப்ட்வேர். மொத்தம் நாலே பேர். முதலாளி பரசுராமன். சீனியர் இன்ஜினியர் சரவணகுமார். ஒன்றரை வருஷமாக அவனிடம் வேலை பழகும் சிந்துஜா, வயது இருபத்திநாலு. வாசலையொட்டிய மேஜையில் ஒரு பழைய கணினியோடு கவியா. போன் எடுப்பதும் அட்டெண்டன்ஸ் போடுவதும் அவள் வேலை.

"உங்க புரோகிராம்ல செவப்புப் பொட்டி ஏன் வரல?" ரேணுகாம்பாள் உட்காரக்கூட இல்லை.

பரசுராமன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். "சரவணா, நீயே சொல்லிடுப்பா."

சரவணகுமார் நிதானமானவன். முப்பத்தைந்து வயது. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பிவைத்தான்.

"மேடம், எங்க புரோகிராம் எல்லாம் ஒரு களஞ்சியத்துல இருக்கும். ரெப்போன்னு சொல்லுவோம். யார், என்னிக்கு, எந்த வரியை மாத்தினாங்கன்னு ஒண்ணு விடாம அதுல பதிவாகும். பத்திர ஆபீஸ் மாதிரின்னு வெச்சுக்கங்க. எங்க மூணு பேர் லேப்டாப்லயும் ஒரு பிரதி இருக்கும். மூலப் பிரதி சர்வர்ல."

"சரி. யார் மாத்தினது?"

சிந்துஜாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

திரையில் இருந்தது இது: 'செவ்வாய், ஐந்தாம் தேதி, மாலை 4.10. செய்தவர்: சிந்துஜா. விவரம்: எழுத்து அளவு மாற்றம்.' எழுத்து அளவு மாறிய இரண்டு வரிகளுக்குக் கீழே பதினோரு வரிகள் சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தன. மருந்தின் வகையையும் நோயாளிக்கு ஆகாததையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் வரிகள். மறுநாள், ஆறாம் தேதி காலை, அந்தப் புரோகிராம் மருத்துவமனையில் ஏற்றப்பட்டது. அதிலிருந்து எட்டாவது நாள்தான் நேற்று.

"நீயாம்மா செஞ்சது?"

சிந்துஜா திரைக்கு அருகே வந்தாள். "எழுத்து அளவு மாத்தினது நான்தான் மேடம். அந்தப் பைல்தான். நர்சுங்க எழுத்து சின்னதா இருக்குன்னாங்க. ஆனா அந்த வரியெல்லாம் நான்..." நிறுத்தினாள். "தொட்ட ஞாபகம் இல்ல."

"அன்னிக்கு உனக்கு ஜுரம்மா," என்றான் சரவணகுமார் மெல்ல. "நான்தான் மாத்திரை வாங்கிக் குடுத்தேன். வீட்டுக்குப் போன்னு சொன்னேன், நீ கேக்கல. கை தவறி அழிஞ்சிருக்கும். யாருக்கும் ஆகும். அதைப் பாத்து அனுப்பினவன் நான். என் மேலயும் தப்பு இருக்கு."

"அண்ணா, நான் அழிக்கலண்ணா..."

"பேர் உன்னுதா இருக்கே சிந்து."

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். தன் பெயரைப் படித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் தொய்ந்தது.

"அப்போ நான்தான் செஞ்சிருப்பேன் மேடம்," என்றாள். "அது பொய் சொல்லாது."

ரேணுகாம்பாள் மூன்று மடிக்கணினிகளையும் கேட்டார். பரசுராமன் எடுத்துக் கொடுத்தார். "எல்லாம் ஒழுங்கா இருக்குங்க மேடம். நேத்து மத்தியானம் நான் ஆஸ்பத்திரில மேனேஜ்மென்ட் கால்ல விழாத குறையா நின்னுட்டிருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள சரவணன் மூணையும் வாங்கிச் சுத்தம் பண்ணி வெச்சுட்டான்."

"சுத்தம்னா?"

"ஸ்பேஸ் கம்மியா இருந்துது மேடம்," என்றான் சரவணகுமார். "வேண்டாத பழசை எடுத்துட்டேன். வழக்கமா செய்யறதுதான்."

சர்வரின் கடவுச்சொற்களை மாற்றி, வழக்கு முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். கிளம்பும்போது வாசலில் கவியா எழுந்து நின்றாள்.

"மேடம், கம்ப்யூட்டர் பாக்கற போலீஸ் யாரானா வந்தா என் மிஷினையும் பாக்கச் சொல்றீங்களா?"

"இன்னா ஆச்சு அதுக்கு?"

"மணிக்கொரு தடவை கறுப்பா ஒரு ஜன்னல் வந்து கண் சிமிட்டிட்டுப் போவுது. பத்துன்னா பத்து, பதினொண்ணுன்னா பதினொண்ணு. சொல்லிவெச்ச மாதிரி. வைரஸா இருக்குமோன்னு பயமா இருக்கு. சரவணன் அண்ணாகிட்ட ரெண்டு மாசமா சொல்றேன். அட்டெண்டன்ஸ் போடற டப்பாவை யார் பாப்பா, விடுன்னுட்டாரு."

"சொல்றேன்மா," என்றார் ரேணுகாம்பாள், படியிறங்கிக்கொண்டே.

மாலை 5.30க்குச் சிந்துஜா எழுத்து மூலம் ஒப்புக்கொண்டாள். ஸ்டேஷனுக்குச் சரவணகுமாரும் வந்திருந்தான். வக்கீலை அழைத்து வந்ததும் அவன்தான். "கவனக்குறைவுன்னு ஒத்துக்கோ, சின்ன கேஸோட போயிடும். நான் இருக்கேன்," என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுடைய அப்பா, நிலக்கடலை போடும் விவசாயி, மகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். வாசலில் கன்னியம்மாளின் சொந்தக்காரர்கள் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். மறுநாள் பௌர்ணமி. லட்சக்கணக்கில் ஜனம் வரும் நாளில் ஊரில் கலாட்டா கூடாது, இன்றைக்கே ரிமாண்ட் செய் என்று மேலிடத்திலிருந்து போன் வந்தது. ரேணுகாம்பாள் கையெழுத்துப் போட்டார். சிந்துஜா வேலூர் பெண்கள் சிறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை. பகல் 2.00.

கிரிவலப் பாதையில் கூட்டம் அடி அடியாக நகர்ந்தது. அடி அண்ணாமலைப் பக்கம் பந்தோபஸ்தில் நின்றிருந்தார் ரேணுகாம்பாள். வரிசையாக இருந்த கடைகளில் ஒன்று மட்டும் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்கத் தேவையிருக்கவில்லை. கன்னியம்மாளின் படத்துக்கு மாலை போட்டு வாசலில் வைத்திருந்தார்கள்.

ரேணுகாம்பாள் கைப்பேசியில் மருத்துவமனைத் திரையின் படத்தைத் திறந்தார். அடியில் இருந்த எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தார். 4719e06. நேற்றுக் கம்பெனியில் பார்த்த பதிவேட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பக்கத்திலும் இதே மாதிரி ஏழு எழுத்தில் ஓர் எண் இருந்தது. சிந்துஜாவின் மாற்றத்துக்கு எதிரே இருந்தது வேறு. டைரியைப் புரட்டினார். ஆறாம் தேதி காலை வரைக்குமான பதினெட்டு எண்களையும் குறித்து வைத்திருந்தார். அதில் 4719e06 இல்லை.

சனிக்கிழமை காலை 8.30க்குச் சரவணகுமாருக்குப் போன் செய்தார்.

"ஆஸ்பத்திரி ஸ்கிரீன்ல கீழ ஒரு நம்பர் இருக்கே, அது என்ன?"

"அது சும்மா மேடம். இன்ஸ்டால் பண்ணும்போது தானா விழற நம்பர். அர்த்தம் ஒண்ணும் இல்ல."

"சரிங்க."

ஜீப் வேலூருக்குக் கிளம்பியது.

சனிக்கிழமை. காலை 11.40. வேலூர்.

சிந்துஜா இரண்டு நாளில் இளைத்திருந்தாள். எதிரில் உட்காரச் சொன்ன பிறகும் நின்றாள்.

"ரெண்டே கேள்விதான். ஆஸ்பத்திரி ஸ்கிரீன்ல கீழ இருக்கற நம்பர் அர்த்தமில்லாததா?"

"இல்ல மேடம். களஞ்சியத்துல எந்த மாத்தத்துலேர்ந்து அந்தப் புரோகிராமைக் கட்டினோமோ, அந்த மாத்தத்தோட நம்பர் அது. ஆறாம் தேதி ஏத்தினதால, அஞ்சாம் தேதி கடைசியா நடந்த மாத்தம் எதுவோ, அதோட நம்பர் இருக்கும்."

"அந்த நம்பரை யார் போடறது?"

"யாரும் போட முடியாது மேடம். மாத்தின வரி, செஞ்சவங்க பேரு, நேரம், அதுக்கு முன்னாடி நடந்த மாத்தத்தோட நம்பர், எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தானா வரும். இதுல ஒரு எழுத்து மாறினாலும் நம்பரே வேற. அதுக்குப் பின்னாடி வர்ற எல்லா நம்பரும் வேற ஆயிடும்."

ரேணுகாம்பாள் டைரியை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆஸ்பத்திரில 4719e06. உங்க பதிவேட்டுல அது இல்லவே இல்ல."

சிந்துஜா எண்களை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகக் குழப்பத்தைத் தவிர வேறொன்று வந்தது.

"அப்படி இருக்க முடியாது மேடம். யாரோ திருத்தி எழுதியிருந்தாதான்..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடுத்த கேள்வி. கவியாவோட கம்ப்யூட்டர்ல மணிக்கொரு தடவை கறுப்பா ஜன்னல் வந்து போவுதாமே. வைரஸா?"

"வைரஸ் இல்ல மேடம். நான் சேர்ந்த புதுசுல அதுதான் என் மிஷின். களஞ்சியம் பெருசு, நெட் ஸ்லோ. ஒவ்வொரு தடவையும் சர்வர்லேர்ந்து எடுக்க அரை மணி ஆவும். அதனால பின்னாடியே தானா பராமரிச்சுக்கற வசதி ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணி வெச்சேன். மணிக்கொரு தடவை சர்வர்ல புதுசா என்ன வந்திருக்கோ அதை இழுத்து வெச்சுக்கும். நாளுக்கு ஒரு தடவை அடுக்கி ஒழுங்கு பண்ணிக்கும். பழைய வெர்ஷன், அதான் ஓடும்போது ஜன்னல் எட்டிப் பாக்குது. லேப்டாப் குடுத்தப்புறம் நிறுத்த மறந்துட்டேன்." பயத்தோடு நிமிர்ந்தாள். "அதுவும் என் தப்பாயிடுமா மேடம்?"

ரேணுகாம்பாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்தார். சொல்லியிருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. மாலை 4.00.

கவியாவின் மேஜையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். கணினி முன்னால் சைபர் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர் வேதா உட்கார்ந்திருந்தாள். பரசுராமன் நெற்றியைத் துடைத்தபடி இருந்தார். சரவணகுமார் ஜன்னலோரம் நின்றிருந்தான்.

"இதுல புரோகிராம் வேலை எதுவும் நடக்கறதில்ல மேடம்," என்றான். "வெறும் அட்டெண்டன்ஸ்."

"அப்படித்தான் நீங்க நெனச்சிருக்கீங்க," என்றார் ரேணுகாம்பாள். "பரசுராமன் சார், சர்வர்ல அட்மின் கணக்கு யார் யாருக்கு இருக்கு?"

"எனக்கும் சரவணனுக்கும்."

"புதன்கிழமை காலையில 11.22க்கு அட்மின் கணக்குலேர்ந்து யாரோ உள்ள போயிருக்காங்க. களஞ்சியத்தோட பழைய சரித்திரத்தை எடுத்துட்டு, புதுசா எழுதின ஒண்ணை வெச்சிருக்காங்க. வேதா இன்னிக்கு மத்தியானம் அந்தக் குறிப்பை எடுத்துட்டா. ஆனா என்ன இருந்துதுன்னு சர்வர்ல இல்ல. மூணு லேப்டாப்லயும் இல்ல. சுத்தம் பண்ணியாச்சே."

"ஸ்பேஸ்..." என்று ஆரம்பித்தான் சரவணகுமார்.

"வேதா, அந்த நம்பரைக் கேளு."

வேதா ஏழு எழுத்தையும் தட்டினாள். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு வரிகள் விழுந்தன.

"இருக்கு மேடம்," என்றாள் வேதா. "இந்த மிஷின் ஆறாம் தேதி காலைல பத்து மணிக்குச் சர்வர்லேர்ந்து இழுத்திருக்கு. திருத்தி எழுதின புதுசும் புதன்கிழமை பன்னெண்டு மணிக்கு வந்திருக்கு. ஆனா பழசு போகல. இந்தப் பராமரிப்பு வாங்கி வெச்சுக்கும், அடுக்கும். எதையும் தூக்கிப் போடறது அதோட வேலையில சேர்த்தி இல்ல."

"படி."

வேதா படித்தாள். பதிவு ஆங்கிலத்தில் இருந்தது. அவள் தமிழில் சொன்னாள்.

"4719e06. செவ்வாய், அஞ்சாம் தேதி, சாயங்காலம் 6.52. செய்தவர், சரவணகுமார். விவரம்: 'நாளைக்கு டெமோ. எச்சரிக்கைப் பெட்டி தற்காலிகமாக நிறுத்தம். டெமோ முடிந்ததும் திரும்பப் போட வேண்டும்.' நீக்கின வரி பதினொண்ணு."

கீழே கஃபேயில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"4.10க்குச் சிந்துஜா செஞ்ச மாத்தமும் இங்க இருக்கு மேடம்," என்றாள் வேதா. "அதுல ரெண்டு வரிதான். எழுத்து அளவு. அவ்ளோதான்."

ரேணுகாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மாத்தத்தையும் ஒண்ணாச் சேர்த்து அவ பேர்ல போட்டுட்ட. முழுசாப் பொய்யா ஒண்ணை எழுதியிருந்தா அந்தப் பொண்ணு 'நான் இல்ல'ன்னு அடிச்சுச் சொல்லியிருப்பா. உண்மையில அவ செஞ்ச வேலைக்குள்ளயே உன் வேலையை நுழைச்ச. அதனாலதான் அவளே நம்பினா. சர்வரைத் திருத்தின, லேப்டாப்பைக் கூட்டிப் பெருக்கின. ரெண்டை விட்டுட்ட. ஒண்ணு, நான் சீல் வெச்ச ஆஸ்பத்திரி ஸ்கிரீன்ல இருந்த நம்பர். அதை அர்த்தமில்லன்னு எங்கிட்டச் சொன்ன பாரு, அப்பதான் எனக்கு அர்த்தம் இருக்குன்னு தெரிஞ்சுது. இன்னொண்ணு, இந்தப் பொண்ணு ரெண்டு மாசமா உங்கிட்டச் சொல்லியும் நீ திரும்பிப் பாக்காத டப்பா."

பரசுராமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சரவணா... டெமோவுலதான் அந்தப் பொட்டி அடிக்கடி வந்து அசிங்கமா இருக்குன்னு நான் சொன்னேன். எடுன்னு சொல்லலையேடா."

"சொல்லலை சார். ஆனா மூஞ்சி காட்டினீங்க." சரவணகுமாரின் குரல் வறண்டிருந்தது. "ஆஸ்பத்திரியோட ரெண்டாவது கிளைக்கும் நம்ம புரோகிராம்தான் வாங்கணும்னு அன்னிக்கு அவங்க முடிவு பண்றதா இருந்துது. டெமோ மிஷின்ல மட்டும்தான் ஏத்தணும்னு நெனச்சேன். அவங்க எல்லா வார்டுலயும் ஏத்திடுங்கன்னுட்டாங்க. அடுத்த நாளே திரும்பப் போடணும்னுதான் இருந்தேன் மேடம். அப்புறம் வேற வேலை, வேற வேலை. நெஜமா மறந்துட்டேன். புதன்கிழமை காலைல போன் வந்தப்போதான் ஞாபகம் வந்துது."

"மறந்ததுக்கு ஒரு தண்டனை உண்டு. அதை வாங்கிட்டுப் போயிருக்கலாம். அவ ஏன்?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்கு ரெண்டு குழந்தைங்க மேடம். அவ தனி ஆளு. சின்ன வயசு. ரெண்டு வருஷத்துல எழுந்து வந்துடுவா. நல்ல வக்கீலாத்தான் வெச்சுக் குடுத்தேன்."

கவியா அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். ஒன்றரை வருஷமாக அவனை அண்ணா என்றுதான் அவளும் சிந்துஜாவும் கூப்பிட்டார்கள்.

"கூட்டிட்டுப் போங்க," என்றார் ரேணுகாம்பாள்.

செவ்வாய்க்கிழமை. பகல் 12.30.

ஞாயிறும் கோர்ட்டுச் சடங்குகளும் கழிந்து செவ்வாயன்று காலைதான் சிந்துஜா வெளியே வந்தாள். அப்பா வரவில்லை. "ஊர்ல தல காட்ட முடியல, நீயே வந்துடு" என்று போனில் சொல்லியிருந்தார். ரேணுகாம்பாளே ஜீப்பில் போயிருந்தார். கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பியவர் அவர்தான். வெளியே அழைத்துவரும் வேலையைக் கான்ஸ்டபிளிடம் விட அவருக்கு மனம் வரவில்லை.

கண்ணமங்கலத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள்.

"ரூபீனாவை வேலையை விட்டு எடுத்துட்டாங்க," என்றார் ரேணுகாம்பாள். சிந்துஜாவிடம் மறைக்க எதுவுமில்லை என்று தோன்றியது. "மருந்து எழுதின டாக்டர் பேரையும் கேஸ்ல சேர்த்திருக்கேன். நிக்குமா தெரியல. கன்னியம்மாளோட பொண்ணு நந்தினியைப் பாத்துச் சொன்னேன், இந்தப் பொண்ணு இல்லம்மா, இன்னொருத்தன்னு. அவ, 'யாரா இருந்தா எனக்கு இன்னா மேடம்'னு கேட்டா."

சிந்துஜா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அண்ணா எனக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தது நெஜம் மேடம்," என்றாள். "அன்னிக்கு அவர்தான் வாங்கிக் குடுத்தார். அதை என்ன பண்றதுன்னு தெரியல."

சாலையில் ஒரு கரும்பு லாரி போனது.

"நான் இன்னும் கொஞ்சம் அலசியிருக்கணும்," என்றார். "அன்னிக்கே. வியாழக்கிழமையே. தப்பு என்னுது."

சிந்துஜா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"மேடம், அந்தப் பதினோரு வரி?"

"இருக்கும்மா. வேதா எல்லாத்தையும் காப்பி எடுத்து கோர்ட்டுல..."

"அது இல்ல மேடம். திரும்பப் போட்டாச்சா?"

ரேணுகாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"யார் போட்டாங்க?" என்றாள் சிந்துஜா. "நான் உள்ள இருந்தேன். அண்ணாவும் உள்ள. பரசு சாருக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. சர்வரை யாரும் தொடக் கூடாதுன்னு நீங்க எழுதி வாங்கியிருக்கீங்க. ஆஸ்பத்திரில நீங்க சீல் வெச்சது ஒரு கம்ப்யூட்டர்தானே? மத்த வார்டுல?"

புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், இன்று. கணக்குப் படித்தவருக்குக் கூட்டிப் பார்க்க விரல் வேண்டியிருந்தது. யார் பெயர், எந்த எண், எத்தனை மணி என்று ஒரு வாரம் துருவியாகிவிட்டது. ஒருவராவது இதைக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மருத்துவமனைக்குப் போன் போட்டார். நீண்ட நேரம் அடித்து, ஓர் ஆண் குரல் எடுத்தது.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். வார்டுல இன்னும் அதே புரோகிராம்தான் ஓடுதா?"

"ஆமாங்க மேடம்."

"உடனே நிறுத்துங்க. மருந்து ஒவ்வொண்ணையும் பேப்பர்ல பாத்துப் போடச் சொல்லுங்க. இப்பவே."

"ஏங்க மேடம்?" அந்தக் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "நல்லாத்தானே ஓடுது. முன்ன மாதிரி அந்தப் பொட்டி தொல்லைகூட இல்லையே."

ரேணுகாம்பாள் திரும்பிப் பார்த்தார். டீ அப்படியே இருந்தது. சிந்துஜா ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, டிரைவரிடம் வீட்டுக்கு வேண்டாம், ஆபீசுக்குப் போங்கண்ணா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.